1.2 வோல்ட்டில் எரியும் 3 வோல்ட் விளக்கு

தோட்டத்து மண்ணில் குத்திவைக்கும் சூரிய விளக்கின் தலையைத் திருகிக் கழற்றினால் உள்ளே இருப்பவை மிகச் சில. மூடியில் பதித்த சிறு சோலார் பேனல். அதன் அடியில் டிவி ரிமோட்டில் போடும் பேட்டரி அளவில் ஒரே ஒரு ரீசார்ஜ் செல். ஒரு சுவிட்ச். கட்டைவிரல் நகமளவு சர்க்யூட் பலகை. அந்தப் பலகையில் நான்கு கால் கொண்ட கறுப்பு ஐசி ஒன்று, வண்ணப் பட்டைகள் போட்ட குட்டையான பச்சை உருளை ஒன்று, வெள்ளை எல்.இ.டி. ஒன்று. இவ்வளவுதான் மொத்த விளக்கும்.

ஆனால் மல்டிமீட்டரை எடுத்து அளந்தால் கணக்கு உதைக்கும். செல்லின் இரு முனைகளுக்கு நடுவே 1.2 வோல்ட், நன்றாகச் சார்ஜ் ஏறியிருந்தால் 1.3. வெள்ளை எல்.இ.டி. எரிய வேண்டுமானால் ஏறக்குறைய 3 வோல்ட் தேவை. அந்த எல்.இ.டி.யைத் தனியே எடுத்து நேரடியாகச் செல்லோடு சேர்த்துப் பாருங்கள், மங்கலாகக்கூட எரியாது. திரும்பவும் பலகையில் வைத்தால் பளிச்சென்று எரிகிறது. பாதிக்கும் குறைவான மின்னழுத்தத்தை வைத்துக்கொண்டு அந்த விளக்கு எப்படி எரிகிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி.

முதலில், அந்த 3 வோல்ட் எங்கிருந்து வந்த கட்டாயம்? ஓர் எலக்ட்ரான் 1 வோல்ட்டைக் கடக்கும்போது பெறும் ஆற்றலை 1 எலக்ட்ரான்வோல்ட் என்கிறோம். எல்.இ.டி.க்குள் ஓர் எலக்ட்ரான் குறைகடத்தியின் சந்தியில் இறங்கும்போது தன் ஆற்றலை ஓர் ஒளித்துகளாக, ஃபோட்டானாக, விடுகிறது. சிவப்பு ஒளியின் ஃபோட்டானுக்கு 2 எலக்ட்ரான்வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவான ஆற்றல் போதும். நீல ஒளிக்கு, அலைநீளம் 450 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், சுமார் 2.75 வேண்டும். வெள்ளை எல்.இ.டி. உண்மையில் ஒரு நீல எல்.இ.டி.தான். காலியம் நைட்ரைடு வகைக் குறைகடத்தி உமிழும் நீலத்தில் ஒரு பகுதியை மேலே பூசிய மஞ்சள் ஒளிர்பொருள் உறிஞ்சி மஞ்சளாகத் திருப்பித் தருகிறது. நீலமும் மஞ்சளும் சேர்ந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகின்றன. ஆகவே நீலத்துக்கு உரிய விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். 1.2 வோல்ட்டில் தள்ளப்படும் எலக்ட்ரானிடம் அந்தக் காசு இல்லை.

இந்த நீலம் எளிதில் கிடைத்துவிடவில்லை. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை நிக் ஹோலன்யாக் 1962-ல் செய்துகாட்டினார். பிரகாசமான நீலத்துக்கு அதன்பின் 30 ஆண்டுகள் ஆயின. அதைச் சாத்தியமாக்கிய இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. வாசலோரம் நிற்கும் மலிவான விளக்குக்குள் நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பு ஒன்று ஒவ்வோர் இரவும் வேலை செய்கிறது என்பதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

அப்படியானால் மூன்று செல்களை வரிசையாகச் சேர்த்து 3.6 வோல்ட் வாங்கிக்கொள்ளலாமே? செய்யலாம், தொடக்க காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட செல் வைத்த விளக்குகளும் வந்தன. ஆனால் செலவு கூடும். செல்கள் மூன்றாகும்போது அவற்றைச் சார்ஜ் செய்யும் பேனலிலும் துண்டுகள் கூட வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மூன்று செல்களில் ஒன்று மட்டும் பலவீனமாகிவிட்டால், மற்ற இரண்டும் அதன் வழியே மின்னோட்டத்தைத் தள்ளி அதைத் தலைகீழாக மின்னேற்றிக் கெடுத்துவிடும். ஒற்றைச் செல்லுக்கு அந்த ஆபத்தே இல்லை. ஒரு செல் போதும், குறையும் மின்னழுத்தத்தை வேறு வழியில் ஈடுகட்டலாம் என்று முடிவெடுத்தவர்கள் சரியாகவே முடிவெடுத்திருக்கிறார்கள்.

பகல் நேரத்து வேலையைப் பார்ப்போம். பேனலை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் பெரும்பாலும் நான்கு பட்டைகள் தெரியும். ஒவ்வொன்றும் தனிச் சூரியக் கலம். சிலிக்கான் கலம் ஒன்று அரை வோல்ட்டுக்குச் சற்று மேலே தரும். நான்கும் வரிசையில் சேர்ந்து 2 வோல்ட்டைத் தாண்டும். பெல் ஆய்வகத்தின் டேரில் சேப்பின், கால்வின் ஃபுல்லர், ஜெரால்டு பியர்சன் மூவரும் உருவாக்கிய சிலிக்கான் சூரியக் கலம் 1954 ஏப்ரல் 25 அன்று உலகுக்குக் காட்டப்பட்டபோது, விழுந்த வெயிலில் 6 சதவீதம்தான் மின்சாரமாயிற்று. இன்றைய கலங்கள் அதைப் பல மடங்கு தாண்டிவிட்டன என்றாலும் அடிப்படை அதேதான். எல்.இ.டி.யில் நடப்பதன் மறுதலை இது: அங்கே எலக்ட்ரான் இறங்கி ஒளி வருகிறது, இங்கே ஒளி விழுந்து எலக்ட்ரான் ஏறுகிறது. சந்தேகம் இருந்தால் ஒரு சிவப்பு எல்.இ.டி.யை நல்ல வெயிலில் பிடித்து அதன் இரு கால்களிலும் மல்டிமீட்டரை வையுங்கள். 1 வோல்ட்டுக்கு மேல் காட்டும்.

பேனலிலிருந்து செல்லுக்குப் போகும் வழியில் ஒருவழிக் கதவு ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரவில் செல்லில் சேர்ந்த மின்சாரம் பேனல் வழியாகத் திரும்பிக் கசிந்துவிடும். பழைய பலகைகளில் இதற்கென ஒரு டையோடு தனியாகத் தெரியும். இப்போது அது ஐசிக்குள் போய்விட்டது. சாதாரண சிலிக்கான் டையோடு கடக்கும் கூலியாக 0.6 அல்லது 0.7 வோல்ட்டைப் பிடுங்கிக்கொள்ளும். 2 வோல்ட் பேனலுக்கு அது பெரிய இழப்பு. ஷாட்கி வகை டையோடுக்கு அதில் பாதிகூட வேண்டாம் என்பதால் அதையே பயன்படுத்துவார்கள்.

சார்ஜ் நிறைந்ததும் நிறுத்த எந்தக் கட்டுப்பாடும் இந்த விளக்கில் இல்லை. கைப்பேசிச் சார்ஜரைப் பார்த்துப் பழகிய நமக்கு இது கவனக்குறைவாகத் தோன்றலாம். இது தெரிந்தே செய்தது. இதுபோன்ற பேனல் உச்சி வெயிலில் தருவது 40 மில்லிஆம்பியர் அளவில்தான் என்று வைத்துக்கொள்வோம். செல்லோ 600 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவு உள்ள நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவான மின்னோட்டம் அது நிறைந்த பிறகும் தொடர்ந்தால், நேர்முனையில் உருவாகும் ஆக்சிஜன் எதிர்முனைக்குப் போய் அங்கே மறுபடி சேர்ந்துவிடுகிறது. மிச்ச ஆற்றல் லேசான சூடாக வெளியேறும். லித்தியம் செல் இந்தப் பொறுமையைக் காட்டாது. ஆகவே அந்தப் பேனலின் சிறுமைதான் அந்தச் செல்லுக்குக் காவல்.

பொழுது சாய்ந்ததை விளக்கு எப்படி அறிகிறது? ஒளி பட்டால் மின்தடை குறையும் எல்.டி.ஆர். என்ற உறுப்பை முன்பு இதற்கென வைத்தார்கள். பிறகு யாரோ கவனித்திருக்கிறார்கள்: ஒளியை அளக்க ஒரு பேனலே இருக்கும்போது இன்னொரு கண் எதற்கு? பேனலின் மின்னழுத்தம் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினால் இரவு, ஏறினால் பகல். ஐசியின் ஒரு கால் நேராகப் பேனலோடு இணைந்து இதை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறது. உச்சி வெயிலில்கூடப் பேனலை உள்ளங்கையால் மூடினால் விளக்கு எரிவது இதனால்தான். தெருவிளக்கின் வெளிச்சம் நேராக விழும் இடத்தில் குத்திவைத்த விளக்கு இரவெல்லாம் எரியாமல் நிற்பதற்கும் இதுவே காரணம். அதற்குப் பகலும் இரவும் தெரியாது. தன் மேல் விழும் ஒளி மட்டுமே தெரியும்.

இனி அந்தப் பச்சை உருளை. ரெசிஸ்டர் போலவே வண்ணப் பட்டைகள் இருப்பதால் பலரும் அதை ரெசிஸ்டர் என்றே நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது ஒரு காயில். ஃபெரைட் என்ற காந்தப்பொருளின் மேல் மெல்லிய செப்புக் கம்பியைச் சுற்றிய மின்தூண்டி. பழுப்பு, கறுப்பு, பழுப்பு என்று பட்டைகள் இருந்தால் 100 மைக்ரோஹென்றி. இந்த விளக்கின் அற்புதமெல்லாம் இதற்குள்தான் நடக்கிறது.

காயிலின் குணம் ஒன்றே ஒன்று: தன் வழியே ஓடும் மின்னோட்டம் திடீரென மாறுவதை அது அனுமதிக்காது. மின்னழுத்தம் கொடுத்தால் மின்னோட்டம் சட்டென்று பாயாது, மெல்ல ஏறும். ஏறும்போது சுற்றியுள்ள காந்தப்புலத்தில் ஆற்றலைச் சேமிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தை வெட்டினாலோ, காந்தப்புலம் சரிந்து, அதே திசையில் அதே மின்னோட்டத்தைத் தள்ளப் பார்க்கும். வழி கிடைக்கும்வரை மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். அமெரிக்காவில் ஆல்பனி நகரத்தில் ஆசிரியராக இருந்த ஜோசப் ஹென்றி, நீண்ட கம்பிச் சுருளை மின்கலத்திலிருந்து பிரிக்கும்போது பளிச்சென்று பொறி பறப்பதைக் கண்டு 1832-ல் அதை எழுதி வெளியிட்டார். மின்தூண்டலின் அலகுக்கு அவர் பெயர்தான்.

வேகமாக ஓடும் தண்ணீர்க் குழாயின் வால்வைப் பட்டென்று மூடினால் குழாயே அதிரும். ஓடிவந்த நீரின் வேகம் நிற்க இடமில்லாமல் அழுத்தமாக மாறுவதால் வரும் அதிர்ச்சி அது. வெப்பக் காற்று பலூனைப் பறக்கவிட்ட சகோதரர்களில் மூத்தவரான ஜோசப் மோன்கோல்ஃபியே 1796-ல் இதையே ஒரு பம்பாக்கினார். ஓடையின் நீரை ஓடவிட்டு, வால்வு தானாக மூடி, எழும் அழுத்தத்தில் கொஞ்சம் நீரை ஓடையைவிட உயரமான இடத்துக்கு ஏற்றும் ஹைட்ராலிக் ராம் அது. எண்ணெயும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். நம் விளக்கில் ஓடை இருக்கும் உயரம் 1.2 வோல்ட், நீர் ஏற வேண்டிய உயரம் 3 வோல்ட், வால்வாக வேலை செய்வது ஐசிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்.

இணைப்பு இப்படி: செல்லின் நேர்முனையிலிருந்து காயில், காயிலின் மறுமுனையில் இருந்து இரண்டு வழிகள். ஒன்று ஐசிக்குள் உள்ள டிரான்சிஸ்டர் வழியாக நேராக எதிர்முனைக்கு. மற்றது எல்.இ.டி. வழியாக எதிர்முனைக்கு. டிரான்சிஸ்டர் திறந்து வழிவிட்டால் மின்னோட்டம் அந்தச் சுலபமான பாதையிலேயே போகும்; எல்.இ.டி. இருட்டு. காயிலில் மின்னோட்டம் ஏறிக்கொண்டிருக்கும். டிரான்சிஸ்டர் சட்டென்று மூடினால் அந்த மின்னோட்டத்துக்குப் போக்கிடம் எல்.இ.டி. மட்டுமே. 1.2 வோல்ட்டோடு காயில் தன் பங்குக்கு 1.8 வோல்ட்டை உருவாக்கிச் சேர்க்க, 3 வோல்ட்டில் எல்.இ.டி. எரிகிறது.

காயில் ஏன் சரியாக 1.8-ஐச் சேர்க்கிறது, 5 அல்லது 10-ஐ அல்ல? யாரும் அதற்கு அளவு சொல்லித்தரவில்லை. மின்னழுத்தம் ஏறிக்கொண்டே வந்து 3-ஐத் தொட்டதும் எல்.இ.டி. வழிவிட்டுவிடுகிறது, அதற்கு மேல் ஏற வேண்டிய தேவை இல்லாமல் போகிறது. மின்னழுத்தத்தை உயர்த்தும் சர்க்யூட்டுகளில் வழக்கமாக ஒரு டையோடும், வெளியீட்டைச் சமன் செய்ய ஒரு கெபாசிட்டரும், அளவைக் கட்டுப்படுத்தத் தனி ஏற்பாடும் இருக்கும். இங்கே எல்.இ.டி.யே டையோடு. எல்.இ.டி.யே அளவுகோல். சமன் செய்யும் வேலையை நம் கண் பார்த்துக்கொள்கிறது.

ஒரு சுற்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஐசிக்கு ஐசி எண்கள் மாறும். கணக்குக்கு வசதியாக, காயில் 100 மைக்ரோஹென்றி, மின்னோட்டம் 40 மில்லிஆம்பியரைத் தொட்டதும் டிரான்சிஸ்டர் மூடும் என்று கொள்வோம். 1.2 வோல்ட்டின் உந்தலில் சுழியத்திலிருந்து 40-க்கு ஏற 3.3 மைக்ரோநொடி ஆகும். மூடியபின் 1.8 வோல்ட்டின் எதிர்ப்பில் அது மீண்டும் சுழியத்துக்கு இறங்க 2.2 மைக்ரோநொடி. இரண்டும் சேர்ந்து 5.5. அப்படியானால் நொடிக்கு ஏறக்குறைய 1,80,000 சுற்றுகள், எல்.இ.டி. அத்தனை முறை அணைந்து எரிகிறது. ஒரு சுற்றில் காந்தப்புலம் ஏந்திச் செல்வது ஒரு ஜூலில் ஒரு கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவு. மிகச் சிறிய அந்தக் கவளத்தை ஓயாமல் ஊட்டித்தான் விளக்கு எரிகிறது.

செல்லிலிருந்து போகும் சராசரி மின்னோட்டம் இந்தக் கணக்கில் 20 மில்லிஆம்பியர். 1.2-ஆல் பெருக்கினால் 24 மில்லிவாட். எல்.இ.டி.க்குள் போகும் சராசரி 8 மில்லிஆம்பியர். 3-ஆல் பெருக்கினால் அதே 24. மின்னழுத்தம் இரண்டரை மடங்கு உயர்ந்தது, மின்னோட்டம் இரண்டரை மடங்கு குறைந்தது. ஆற்றல் எங்கிருந்தும் இலவசமாக வரவில்லை. இழப்பே இல்லை என்று வைத்துப் போட்ட கணக்கு இது. உண்மையில் காயிலின் கம்பியும் டிரான்சிஸ்டரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

ஐசியின் முதுகில் ஒய்எக்ஸ்8018 என்றோ 5252 என்றோ எழுதியிருக்கும் வகைகளில் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் தனித் திருகு எதுவும் இல்லை. காயிலின் மதிப்பை மாற்றுவதே வழி. மைக்ரோஹென்றி கூடினால் அதே நேரத்தில் மின்னோட்டம் குறைவாகவே ஏறும். விளக்கு மங்கும், ஆனால் அதிக நேரம் எரியும். குறைத்தால் பிரகாசம் கூடும், செல் சீக்கிரம் தீரும். மங்கலாக விடியும்வரை எரிந்தால் போதும் என்று நினைப்பவர் 100-ஐ எடுத்துவிட்டு 220 மைக்ரோஹென்றி காயிலைச் சால்டர் செய்து பார்க்கலாம்.

ஏன் பல விளக்குகள் நள்ளிரவிலேயே அணைந்துவிடுகின்றன என்பதற்கும் விடை இந்த எண்களில் இருக்கிறது. முழு வெயிலுக்குச் சமமாக 5 மணி நேரம், 40 மில்லிஆம்பியர் வீதம், 200 மில்லிஆம்பியர்-மணி உள்ளே போகிறது. சார்ஜ் ஏற்றுவதில் ஒரு பங்கு வீணாகி 140 அளவில் திரும்பக் கிடைக்கும். இழப்புகளையும் சேர்த்து விளக்கு 25 மில்லிஆம்பியர் இழுத்தால் ஐந்தரை மணி நேரம். மாலை ஆறரைக்கு எரியத் தொடங்கியது பன்னிரண்டுக்கு அணையும். பெரிய செல்லாகப் போட்டால் இது மாறாது; 2,000 மில்லிஆம்பியர்-மணி என்று எழுதிய செல்லுக்கும் பேனல் தருவது அதே 200 தான். வருமானத்தைக் கூட்ட வேண்டும்: பேனலைத் துடைக்க வேண்டும், நிழலிலிருந்து நகர்த்த வேண்டும்.

நிழல் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். நான்கு பட்டைகளும் வரிசையில் இருப்பதால், ஒரு பட்டையின் மேல் மட்டும் வேப்பிலைகள் விழுந்து மூடினால் கால்பங்கு குறையும் என்று எண்ண வேண்டாம். மின்னோட்டம் ஏறக்குறைய முழுதாகவே நின்றுபோகும். அறைக்குள் டியூப்லைட்டின் கீழ் வைத்துச் சார்ஜ் ஏற்ற முயல்வதும் வீண். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். வீட்டு அறையில் சில நூறு.

இடமும் முக்கியம். லண்டனில் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. நண்பகலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகைதான் எழும். கிடையாக வைத்த பேனலில் அந்தச் சாய்ந்த வெயில் கால்பங்குதான் விழும். அங்கே குளிர்காலத்தில் இந்த விளக்குகள் பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்தில் அணைவதில் வியப்பில்லை. சென்னையில் அதே நாளின் பகல் 11 மணி நேரத்துக்குக் குறையாது, நண்பகல் சூரியன் 53 பாகை உயரத்தில் நிற்கும். கிடையான பேனல் நம் ஊருக்கு ஆண்டு முழுவதும் பொருந்தும்.

இரண்டு மழைக்காலம் தாண்டிய விளக்கு எரியவில்லை என்றால் குப்பையில் போடாதீர்கள். இதை நான் மன்றாடியே சொல்வேன், ஏனென்றால் பெரும்பாலும் போனது செல் மட்டுமே. முதலில் சுவிட்ச் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். பல விளக்குகளில் அது செல்லையே துண்டித்துவிடும், வெயிலில் இருந்தாலும் சார்ஜ் ஏறாது. வெயிலில் பேனலின் இரு கம்பிகளில் 2 வோல்ட் வருகிறதா? வந்தால் பேனல் நன்றாக இருக்கிறது. செல்லில் 1 வோல்ட்டுக்குக் கீழே காட்டி, நாள் முழுதும் வெயிலில் வைத்தும் ஏறாவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. மாற்றும்போது அதே 1.2 வோல்ட் ரீசார்ஜ் செல்லைத்தான் போட வேண்டும். ரிமோட்டுக்குப் போடும் சாதாரணச் செல்லைப் போட்டால் அன்று எரியும். மறுநாள் பேனல் அதைச் சார்ஜ் செய்யப் பார்க்கும், செல் கசிந்து பலகையைத் தின்றுவிடும். 3.2 வோல்ட் என்று எழுதிய லித்தியம் செல் அதே அளவில் வருகிறது. அது வேறு வகை விளக்குக்கு உரியது. செல்லும் பேனலும் நன்றாக இருந்தும் எரியாவிட்டால், செல் உட்காரும் தகடுகளில் பிடித்த துருவைச் சுரண்டிவிட்டுப் பாருங்கள்.

ஐசி இல்லாமலும் இதைச் செய்யலாம். இசட். கபார்னிக் என்பவர் 1999 நவம்பரில் பிரிட்டனின் ‘எவ்ரிடே பிராக்டிகல் எலக்ட்ரானிக்ஸ்’ இதழில் வெளியிட்ட சின்னச் சர்க்யூட் இன்று உலகெங்கும் ‘ஜூல் தீஃப்’ என்ற பெயரில் வழங்குகிறது. ஒரு ஃபெரைட் வளையம், அதில் இரட்டைக் கம்பியாகச் சுற்றிய காயில், ஒரு டிரான்சிஸ்டர், ஒரு 1 கிலோஓம் ரெசிஸ்டர், ஒரு எல்.இ.டி. ஒரு சுற்றில் மின்னோட்டம் ஏறும்போது மற்றச் சுற்றில் எழும் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரை மேலும் திறக்கிறது. இனி ஏற முடியாத நிலை வந்ததும் அந்தத் தூண்டல் நின்று, தலைகீழாகி, டிரான்சிஸ்டரை மூடிவிடுகிறது. எல்.இ.டி.க்கு ஒரு துடிப்பு, மறுபடி முதலிலிருந்து. கடிகாரத்தில் ஓய்ந்துபோய் எடுத்த செல்லைக்கூட இது இன்னும் பல மணி நேரம் எரியவைக்கும்.

பள்ளி மாணவர்கள் இதை ஒருமுறை தங்கள் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். எரியத் தொடங்கியதும், எல்.இ.டி. இருக்கும் இடத்தில் இரண்டை வரிசையாகப் போடச் சொல்லுங்கள். இப்போது 6 வோல்ட் வேண்டும்; செல் அதே 1.2 தான். சர்க்யூட்டில் வேறு எதையும் தொட வேண்டாம். இரண்டும் எரியும். மேலே போட்ட கணக்கில் 3-க்குப் பதில் 6 என்று வைத்தால், காயில் இம்முறை 4.8 வோல்ட்டைச் சேர்க்கிறது, மின்னோட்டம் 0.8 மைக்ரோநொடியிலேயே இறங்கிவிடுகிறது, எல்.இ.டி.களின் சராசரி 4 மில்லிஆம்பியராகிறது. 4-ஐ 6-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 24 மில்லிவாட்.